தட்டைப்புழுவும் என் அவசரபுத்தியும்

வீட்டுல மீன் தொட்டி இருக்குன்னு சொன்னா முதல் கேள்வி "வாஸ்துவுக்கா?"ன்னு வரும். ரெண்டாவது கேள்வி "கரண்ட் பில் எவ்ளோ?". பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு மக்கா. வாஸ்துவும் இல்ல, ஒரு வெங்காயமும் இல்ல. சிங்கப்பூர்ல ஒரு வீவக வீட்டு ஹால்ல, 3 அடி கண்ணாடித் தொட்டியில, 200 லிட்டர் உப்புத் தண்ணியில, ஒரு குட்டிப் பவளப்பாறையை உயிரோட வச்சுப் பார்க்கணும்கற கிறுக்கு. அவ்வளவுதான். வெளியில 31 டிகிரி கொளுத்தும்போது உள்ள 26ல வைக்க ஒரு சில்லர் ராப்பகலா ஓடும். எங்க பெட்ரூம் ஏசி கூட அவ்ளோ நேரம் ஓடினது இல்ல. (தங்கமணி இதைப் படிக்காம இருக்கக் கடவது :-))

இன்னிக்குச் சொல்ல வந்தது மீனைப் பத்தி இல்ல, புழுவைப் பத்தி. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க அப்புறமா வாங்க.

2022 மார்ச்ல ஒரு மஷ்ரூம் பவளத் துண்டு வாங்கிட்டு வந்தேன். சின்னக் கல்லுல ஒட்டின நாலு பச்சை வட்டம். பையோட கொஞ்ச நேரம் தொட்டியில மிதக்க விட்டு, அப்படியே உள்ள வச்சாச்சு. ஏப்ரல் கடைசியில அந்தக் கல்லு மேல செம்பழுப்பு நிறத்துல ரெண்டு மூணு புள்ளி. உத்துப் பார்த்தா நகருது! சில மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடம்பு, பின்பக்கம் வால் மாதிரி மூணு பிளவு. ஜூன் வந்தப்போ மஷ்ரூமோட பச்சையே தெரியலை. கண்ணாடியில, மணல்ல, பம்ப் மூடி மேலன்னு எங்க பார்த்தாலும் மிளகாய் வத்தலைக் கிள்ளித் தூவின மாதிரி.

பொழுதுபோக்குக்காரங்க இதை 'ரெட் பிளனேரியா'ம்பாங்க. உண்மையில இது பிளனேரியாவே இல்ல. பேரு கான்வொலூட்ரிலோபா. அதுல ரெட்ரோஜெம்மாங்கற இனத்தை 1988ல விவரிச்சாங்க. இன்னும் வேடிக்கை என்னன்னா, இது சேர்ந்த ஏசீலா கூட்டமே தட்டைப்புழு வம்சம் இல்லைன்னு 1999ல மரபணு ஆராய்ச்சியில தெரிய வந்துச்சு. நாம மட்டும் இன்னும் தட்டைப்புழுன்னே திட்டிக்கிட்டு இருக்கோம்.

இதுக்கு ஜோடி தேவையில்ல. பின்பக்கத்துல மொட்டு விட்டுக் குட்டி போடும். அந்தக் குட்டியோட தலை தாய்க்கு நேர் எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கும். ரெட்ரோஜெம்மாங்கற பேரே அதனாலதான். ஒண்ணே ஒண்ணு தப்பிச்சாலும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடும். உடம்புக்குள்ள பாசியை வளர்த்து வெளிச்சத்துல சமையல் பண்ணிக்கும், சின்னச் சின்ன மிதவை உயிர்களையும் பிடிச்சுத் தின்னும். பவளத்தை இது கடிச்சுத் திங்கறது இல்ல. மேல படுத்துக்கிட்டு வெளிச்சத்தை மறைக்கும். பவளம் மெதுவா வாடும்.

அந்த 'மெதுவா'ங்கற வார்த்தையை நான் அன்னிக்கே யோசிச்சிருக்கணும். எனக்கு அவகாசம் இருந்துச்சு. பொறுமைதான் இல்ல.

ஜூன் பள்ளி விடுமுறை. பையனும் வீட்டுல. நான் கடையில புழு மருந்து ஒரு குப்பி வாங்கிட்டு வந்தேன். 'முதல்ல முடிஞ்ச அளவு புழுவை உறிஞ்சி எடுங்க, கார்பன் தயாரா வச்சுக்கோங்க'ன்னு அதுல தெளிவாத்தான் போட்டிருந்துச்சு. கல்யாணப் பத்திரிகையில 'சுற்றமும் நட்பும் சூழ'ங்கற வரியைப் படிக்கிற மாதிரி அதைப் படிச்சுத் தாண்டிட்டேன். கணக்குப் பார்த்து மருந்தை ஊத்தினேன்.

அரை மணி நேரத்துல அற்புதம். புழுவெல்லாம் சுருண்டு, பிடி விட்டு, சிவப்புத் தூசியா மிதக்க ஆரம்பிச்சுது. பையன் கைதட்டினான். நான் ஒரு வீடியோ வேற எடுத்தேன்.

ஒரு மணி நேரத்துல மீனுக்கெல்லாம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது.

சாகற புழு உடம்புலேர்ந்து நஞ்சு கசியும். பத்து புழுன்னா தொட்டி தாங்கும். ஆயிரக்கணக்குல ஒரே நேரத்துல செத்தா? கார்பன் தேடினா அலமாரியில பழைய பாக்கெட்ல ஒரு பிடி இருக்கு. தண்ணி மாத்தலாம்னா உப்புத் தண்ணி கலந்து வைக்கலை. இங்க குழாய்த் தண்ணியில குளோரமின் இருக்கு, அப்படியே ஊத்த முடியாது. ஆர்.ஓ. தண்ணி சொட்டுச் சொட்டா நிறையணும், அப்புறம் உப்பு கரையணும்...... பக்கெட் பக்கத்துல உட்கார்ந்து அந்தச் சொட்டைப் பார்த்துக்கிட்டு இருந்த மூணு மணி நேரத்தை இன்னிக்கும் மறக்கலை.

எங்ககிட்ட ரெண்டு க்ளௌன் மீன். பையன் வச்ச பேரு இட்லி, சாம்பார். ஆரஞ்சா பெருசா இருக்கிறது சாம்பார். ஆறு வருஷமா எங்க வீட்டுல இருந்துச்சு, பையனுக்கும் அப்போ எட்டு வயசுதான். ராத்திரி பத்து மணிக்கு சாம்பார் பக்கவாட்டுல சாய்ஞ்சுது. மணலுக்குள்ள குழி பறிச்சு வாழ்ந்த கோபி மீன் காலையில வெளிய வரவே இல்ல.

"மருந்துதானேப்பா கொன்னுச்சு?"ன்னு பையன் கேட்டான். "ஆமாடா"ன்னேன்.

பொய். இந்தப் பதிவே அந்தப் பொய்க்காகத்தான். மருந்து சொன்னதைச் செஞ்சுது. புழு இருக்கிறதைச் செஞ்சுது. படிச்சும் கேட்காதவன் நான் ஒருத்தன்தான்.

என் கட்சி இதுதான்: பவளத் தொட்டியில புழு கொல்றதை விட, புழுவைப் பார்த்துப் பதர்ற நம்ம கை கொல்றதுதான் அதிகம். 'ஒரே நாள்ல ஒழிக்கணும்'னு நினைச்ச நிமிஷமே ஆபத்து ஆரம்பிச்சுடுது. நான் மருந்துக்கு எதிரி இல்லீங்க. மிச்சமிருந்த புழு ரெண்டு மாசத்துல திரும்ப வந்தப்போ நானே மறுபடி அதே மருந்தைத்தான் போட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி அஞ்சு வாரம், தினமும் ராத்திரி கால் மணி நேரம், ஏர் பம்ப் டியூபை வச்சு உட்கார்ந்து புழுவை உறிஞ்சி எடுத்தேன். நசுக்காம எடுக்கணும், பிய்ஞ்ச துண்டும் வளர்ந்துடும். உறிஞ்சின தண்ணி தொட்டிக்குத் திரும்பக் கூடாது. தீனியைக் குறைச்சேன். தண்ணி தேங்கின மூலையில பம்ப்பைத் திருப்பி வச்சேன். அஞ்சாவது வாரம் எண்ணிப் பார்த்தா இருபது புழு கூடத் தேறலை. புதுக் கார்பன் ஒரு கிலோ, கலந்த உப்புத் தண்ணி 60 லிட்டர் பக்கத்துல வச்சுக்கிட்டு அப்புறம்தான் மருந்து. ஒரு மீனுக்கும் ஒண்ணும் ஆகலை. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு முறை. முடிஞ்சுது. முதல் தடவை செலவான நேரம் ரெண்டு நிமிஷம், ரெண்டாவது தடவை அஞ்சு வாரம். வித்தியாசம் அவ்வளவுதான்.

"மருந்தே வேணாம், இயற்கை முறை"ம்பாங்க சிலர். ஆறுகோட்டு ராஸ் மீன் விட்டா தின்னுடும்னு சொல்லுவாங்க. சில மீன் தின்னும், சிலது திரும்பிக் கூடப் பார்க்காது. அதுக்கு அப்புறம் வர்ற புது மீனையெல்லாம் அடிச்சுத் துரத்துறதுல மட்டும் கில்லாடி.

இன்னொண்ணு நீலக்கோட்டுக் கடல் நத்தை, கெலிடோனூரா வேரியன்ஸ். ஓடு கிடையாது. வெல்வெட் மாதிரி கறுப்பு உடம்பு, ஓரத்துல மின்சார நீலம். பார்த்தா மயங்கிடுவீங்க. இது நிஜமாவே இந்தப் புழுவைத் தேடித் தேடித் தின்னும். பிரச்சினை என்னன்னா, இது திங்கறதே ஏசீலாப் புழுவைத்தான். தொட்டியில புழு தீர்ந்தா நத்தை பட்டினி கிடந்து சாகும். அதாவது அது வேலையை ஒழுங்கா முடிச்சதுக்குக் கூலி சாவு. அடுத்த புழுத் தொட்டிக்காரர் யாருன்னு தெரிஞ்சு, கைமாத்தி விட ஏற்பாடு இருந்தா வாங்குங்க. இல்லைன்னா தயவுசெய்து வாங்காதீங்க. கடல்லேர்ந்து பிடிச்ச ஒரு உயிரை டிஷ்யூ பேப்பர் மாதிரி பயன்படுத்தறதுக்குப் பேரு இயற்கை முறை இல்ல. அதுவும் என் ரெண்டு நிமிஷ அவசரத்தோட இன்னொரு வேஷம்தான்.

"சும்மா பொறுமை பொறுமைன்னா எப்படி?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். எல்லாப் புழுவும் ஒண்ணு இல்ல. அக்ரோபோரா பவளத்தையே தின்கிற நிஜத் தட்டைப்புழு ஒண்ணு இருக்கு. 2011லதான் அதுக்கு முறையான பேர் வச்சாங்க. பவள நிறத்துலயே ஒளிஞ்சிருக்கும், சதை போன வெள்ளைத் தண்டுல முட்டை வைக்கும். அது வந்தா உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது. ஆனா அங்கயும் குறுக்கு வழி கிடையாது. மருந்துத் தண்ணியில பவளத்தை முக்கினா புழு உதிரும், முட்டை சாகாது. முட்டையைச் சுரண்டி எடுத்து, வாரா வாரம் திரும்ப முக்கணும். ஆக, முதல்ல எந்தப் புழுன்னு பாருங்க. அப்புறம் கையை வைங்க.

எல்லாத்துக்கும் மேல, வாசல்லயே தடுக்கறது. புதுப் பவளத்தை முக்கிக் கழுவி, தனித் தொட்டியில ஆறு வாரம் வச்சுப் பார்க்கறது. "வீவக வீட்டுல ரெண்டாவது தொட்டிக்கு எங்கய்யா இடம்?" நானும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்போ சலவை மெஷின் பக்கத்துல 20 லிட்டர் தொட்டி ஒண்ணு, ஒரு சின்ன விளக்கு, ஒரு பம்ப். தங்கமணிகிட்ட அனுமதி வாங்கினதுக்குத் தனிப் பதிவு போடணும் :-)

சாம்பார் போனதுக்கு அப்புறம் ஒண்ணு நடந்துச்சு. க்ளௌன் ஜோடியில பெருசுதான் பொண்ணு. அது செத்தா ஆண் மீனே பொண்ணா மாறும். இட்லி மெதுவாப் பெருத்து, இப்போ சாம்பார் சைஸ்ல நீந்துது. போன மாசம் அதுக்கு ஒரு குட்டித் துணை வாங்கினோம், பேரு சட்னி. கடையிலேர்ந்து நேரா சலவை மெஷின் பக்கத்துத் தொட்டிக்குத்தான் போச்சு. நாலாவது வாரம் ஓடுது. பையன் கேட்டான், "ஏன்பா இவ்ளோ நாள்?"

அன்னிக்குச் சொன்ன பொய்யைத் திருத்திச் சொன்னேன். கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. காலண்டர்ல போய் மிச்ச நாளை எண்ணிட்டு வந்தான்.

டிஸ்கி: ஊர்லேர்ந்து "நானும் வைக்கலாமா?"ன்னு கேட்கிற நண்பர்களுக்கு: இந்தியாவுல கல் பவளங்கள் 2001லேர்ந்து காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. கடல் மீனோட நிறுத்திக்கோங்க, பவளத்து மேல கை வைக்காதீங்க.