வராகமும் பன்றியும்

நம் கவிஞர்களுக்குப் பன்றி மலிவான படிமம். அரசியல்வாதியைத் திட்ட வேண்டுமா, ஊர் அசிங்கத்தைக் காட்ட வேண்டுமா, உடனே ஒரு பன்றி வரிக்குள் புகுந்துவிடுகிறது. சாதி கற்றுக்கொடுத்த அருவருப்பைத் தம் சொந்தப் பிரக்ஞை என்று நம்பி எழுதுகிறார்கள்.

லேவியராகமத்தில் அது குளம்பு பிளந்தும் அசைபோடாத விலங்கு; ஆகவே அசுத்தம். வகைப்பாட்டில் அடங்காததுதான் அதன் குற்றம் என்றார் மேரி டக்ளஸ் (1966). வறண்ட பிரதேசத்தில் பன்றி வளர்ப்பு கட்டுப்படியாகாது என்றார் மார்வின் ஹாரிஸ் (1974). இரண்டுமே தின்பதைப் பற்றிய விவாதம். இங்கே பிரச்னை வளர்ப்பவனைப் பற்றியது.

மாமல்லபுரத்தில் வராகம் பூமியைத் தூக்கி நிற்கிறது. சாளுக்கியருக்கு அது முத்திரை. பொற்காசுக்கே வராகன் என்று பெயர். திருவிளையாடற் புராணத்தில் சொக்கநாதர் தாய்ப்பன்றியாகி அநாதைக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறார். அக்குட்டிகள் பின்னர் பாண்டியனின் மந்திரிகளாகின்றன. கல்லில், காசில், புராணத்தில் தீட்டில்லை. பன்றி வளர்ப்பவன் வீட்டு வாசலில்தான் தீட்டு தொடங்குகிறது.

பன்றிக்கு வியர்வை போதாது. உடம்பு குளிரச் சேற்றில் புரள்கிறது. மலம் தின்கிறதென்றால், அதைத் திறந்தவெளியில் விட்டவர்கள் நாம்.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்ட்ரி' (2013). ஊரே வேடிக்கை பார்த்துச் சிரிக்கப் பன்றி பிடிக்க ஓடிய பையன், கடைசியில் கல்லெறிகிறான். கல் காமிராவை நோக்கி வருகிறது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நாம். அடுத்த பன்றியை வரிக்குள் இழுக்குமுன் கவிஞர்கள் அதை நினைத்துக்கொள்ளட்டும்.