வாஷ்கேர் லேபிளைத் திருத்தாதீர்கள்

திருப்பூரில் தைத்து அமெரிக்காவுக்குப் போகும் டி-சர்ட் ஒன்றின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் சிறிய வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கும்: ‘மெஷின் வாஷ் கோல்டு. டம்பிள் டிரை லோ. டூ நாட் பிளீச்.’ எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை, இது என்ன ஆங்கிலம் என்று பனியன் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் மெர்ச்சண்டைசர்கள் குழம்புகிறார்கள். ‘பிளீஸ்’ சேர்க்கலாமா, ‘தி’ சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. வேண்டாம். லேபிளில் இருப்பது இலக்கணப்படி சரியான ஆங்கிலம்.

ஏவலில் எழுவாய் மறைந்து நிற்பது நமக்குப் புதிதல்ல. நட, வா, படி என வினைப்பகுதியே தமிழிலும் ஏவலாகிறது. எதைத் துவைப்பது என்று சொல்லாததும் பிழையில்லை. துணிதான் கையில் இருக்கிறதே. ஆங்கிலச் சமையல் குறிப்புகளும் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

‘டம்பிள் டிரை’ வினைச்சொல்தானா என்று சந்தேகம் வந்தால் முன்னால் ‘டூ நாட்’ போட்டுப் பாருங்கள். ‘டூ நாட் டம்பிள் டிரை’ இயல்பாக நிற்கிறது. லேபிள்களில் அன்றாடம் வருகிறது. லேபிள்களில் வரும் ‘கூல் அயர்ன்’ இந்தச் சோதனையில் தேறாது. ‘டூ நாட் கூல் அயர்ன்’ என்று யாரும் எழுதுவதில்லை. அது ஏவலே அல்ல, சூடு குறைந்த இஸ்திரிப் பெட்டியைச் சுட்டும் பெயர்த்தொடர். ‘அயர்ன் ஆன் லோ ஹீட்’ என்று எழுதுவதே தெளிவு என்பது என் கருத்து.

வகுப்பறை இலக்கணம் அதிகம் முறைப்பது ‘கோல்டு’ என்ற சொல்லைத்தான். வினையுரிச்சொல் என்றால் ‘லி’ விகுதி வேண்டாமா என்கிறது. விகுதி சேர்த்தால் குளிர்ந்த நீர் போய், பரிவில்லாமல் துவை என்ற பொருள் வந்துவிடும். அந்தச் சொல்லுக்குச் சட்ட எடையும் உண்டு. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1971இல் பராமரிப்பு லேபிள் விதியைக் கொண்டுவந்தது. அந்த விதிப்படி, துவைக்கும் நீரின் சூட்டைக் குறிப்பிடாவிட்டால் எந்தச் சூட்டிலும் துவைக்கலாம் என்றே பொருள். ‘கோல்டு’ விடுபட்டால், பருத்திப் பின்னலாடை வெந்நீரில் சுருங்கும்போது பிழை லேபிளுடையதுதான். 1997 முதல் சொற்களுக்குப் பதில் குறியீடுகளை மட்டும் அச்சிடவும் அங்கே அனுமதி உண்டு. ஆனாலும் சொற்கள் மறையவில்லை.

திருப்பூர்க் கல்லூரிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏவல் வினை நடத்தும் நாளில் ‘சிட் டவுன்’, ‘ஸ்டாண்டு அப்’ போதும் என்று நிறுத்தாதீர்கள். ஒரு வாஷ்கேர் லேபிளையும் கரும்பலகையில் எழுதுங்கள். உங்கள் மாணவர்களில் பலர் நாளை ஒப்புதல் தரப்போவது அந்த வரிகளுக்குத்தான்.

– கட்டுரையாளர், ஆங்கில இலக்கண ஆசிரியர்