வகிடு அகலமாகும்போது

தமிழில் பெண்ணின் தலைக்கு இரண்டே நிலைதான். ஒன்று, இடுப்பைத் தொடும் கருங்கூந்தல். இன்னொன்று, மொட்டை. நடுவில் இருப்பதற்குச் சொல்லே கிடையாது. சொட்டை, வழுக்கை எல்லாம் ஆண்களுக்காகப் புழங்கும் வார்த்தைகள்; அவர்களால் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளவும் முடியும். நாற்பத்தைந்து வயதில் வகிடு மெல்ல அகலமாகி, குங்குமம் வைக்கிற இடத்தைச் சுற்றித் தோல் பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும் பெண்ணுக்கு "முடி கொட்டுது" என்ற ரெண்டு வார்த்தைதான் மிச்சம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு எண்ணெயின் பெயரைச் சொல்லிவிடுவார்.

திருப்பருத்திக்குன்றத்தில் உட்கார்ந்து இதை யோசிப்பது இன்னும் விநோதம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஜினகாஞ்சி இது. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம் 1387இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியது. விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதைகள். சமணத்தில் துறவு பூணுபவர் தலைமுடியைக் கையால் பிடுங்க வேண்டும். பெண் துறவிக்கும் அதே விதிதான். அப்படிப் பறித்த முடி சுருள் சுருளாகத் திரும்ப முளைத்ததால்தான் குண்டலகேசிக்கு அந்தப் பெயர் என்கின்றன பௌத்த உரைகள். அவளுக்குச் சமணர் சொன்ன பதில் நீலகேசி. ஊர் ஊராகப் போய் வாதம் செய்து ஜெயித்த இரண்டு பெண்கள், இரண்டு பேரையும் நாம் கேசத்தை வைத்துத்தான் கூப்பிடுகிறோம்!

ஒரு பெண் முடியைத் துறக்கலாம். நேர்ந்துகொண்டு சாமிக்குக் கொடுக்கலாம். விதவை என்று சொல்லி சில சாதிகளில் வலுக்கட்டாயமாக மழித்தும் விட்டார்கள். இதற்கெல்லாம் நம்மிடம் சடங்கு இருக்கிறது. யாரும் எடுக்காமல், அவளும் கொடுக்காமல் அது பாட்டுக்குப் போனால் மட்டும் அவள் குற்றவாளி. "ஷாம்பூ போட்டே கெடுத்துக்கிட்டே." "தலைக்கு எண்ணெய் வைக்கிறதே இல்ல." "எதையாவது நெனச்சு கவலைப்பட்டுட்டே இரு."

இந்த ஊரில் தறி வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் சித்திக்குத் தலை முழுக்க முடி மெலிந்தது. ரெண்டு வருஷம், ஏழெட்டு எண்ணெய். கூடவே அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல். வயசாச்சுல்ல என்றார்கள். கடைசியில் வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. ரெண்டு வருஷமாக உடம்பு சொல்லிக்கொண்டிருந்ததை எண்ணெய் ஊற்றி அடக்கியிருக்கிறார்கள். நான் இருக்கும் தொழிலில் லாக் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் திட்டு விழும்.

எண்ணெய்க்காரர்களைச் சட்டம் தொடவில்லையா? 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையைப் பாருங்கள். வழுக்கையைக் குணமாக்கும், புதிதாக முடி வளர்க்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதே பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. தடை இருக்கிறது, ரீல்ஸில் 'முன்பு, பின்பு' படமும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

பரம்பரையாக வரும் மெலிவு வேறு கதை. லுட்விக் என்ற மருத்துவர் 1977இல் அதை மூன்று படிகளாகப் பிரித்தார். முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், உச்சி மெலியும். வேர் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் மெல்லிய முடியையே வளர்க்கும். மினாக்ஸிடில் சிலருக்கு உதவும். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும், பலன் தெரிய மாதக்கணக்காகும், நிறுத்தினால் வந்ததும் போகும். இதை முதலிலேயே சொல்லாததால் எத்தனை பேர் மூணாவது வாரமே பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள்! கடையில் சொல்லிக் கொடுக்கும் பயோட்டின் மாத்திரையோ தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும்.

நம் இலக்கிய நண்பர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. "உடலை ஏற்றுக்கொள், அழகு உள்ளே இருக்கிறது" என்று பதிவு போடுபவர்கள். எண்ணெய்க்காரரைப் போலவே இவர்களும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. ஏற்றுக்கொள்ளலாம், ஃபெரிட்டினும் தைராய்டும் பார்த்த பிறகு. அப்புறம் அவள் மருந்து போடட்டும், கிராப் வெட்டட்டும், சவுரி வைத்துப் பின்னட்டும், ஒன்றுமே செய்யாமல் விடட்டும். அதற்கு முன்னால் யாராவது அவளிடம் நாலு கேள்வி கேளுங்கள். எப்போதிலிருந்து கொட்டுது? ரெண்டு மூணு மாசம் முன்னால் பெரிய காய்ச்சல் வந்ததா? தீட்டு எப்படிப் போகுது? படி ஏறினால் மூச்சு வாங்குதா?