மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்



செக்ரோலில் அரைப்பேர் விழுந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. தோட்ட ஆபீஸ் வாசலுக்குப் போய் நியாயம் கேட்கிறோம். அதே ஆட்கள், வைத்தியச் செலவுக்கு விண்ணப்பித்து "உங்களுக்குக் கிடைக்காது" என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஏதோ தர்மத்துக்குக் கேட்ட மாதிரி.

அது தர்மம் இல்லை. ஈ.டி.எப். என்று நாம் சொல்லும் ஊழியர் நம்பிக்கை நிதியம் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நம் சம்பளத்தில் கழிக்காமல், அதற்கு மேலாக 3 வீதத்தைத் தொழில் கொடுப்பவர் கட்ட வேண்டும். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்துக்கு அது 40 ரூபா 50 சதம். வேலையை விட்டால் எடுக்கும் காசு என்று மட்டும்தான் பலர் இதை நினைக்கிறார்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வைக்கும் வில்லை, நிரந்தர அங்கவீனம், மரணம் ஆகியவற்றுக்கும் அதில் உதவி உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே என்பீர்கள். வில்லையை வெளியில் வாங்கி வரச் சொல்லி ஒரு துண்டை எழுதித் தரும்போது அந்த இலவசம் எவ்வளவு என்று தெரியும்.

பிரச்சினை எங்கே? "உங்கள் பேரில் சந்தா ஒழுங்காக வரவில்லை" என்பார்கள். நோயாளி என்ன செய்வார்? வேலை செய்தவர் அவர், கட்டாமல் விட்டது நிர்வாகம். ஜனவசம, எஸ்.பி.சி., எல்கடுவ போன்ற அரச தோட்டங்கள் ஈ.பி.எப்., ஈ.டி.எப். பணத்தைப் பெருந்தொகையாக நிலுவை வைத்தது பாராளுமன்றம் வரை போன கதை. பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் அறவிடவும், வழக்குப் போடவும் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் எந்த மாதம் கட்டவில்லை என்பது நம் கையில் எழுத்தில் இருந்தால்தான் பேச முடியும். சபை அரச நிறுவனம். தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. சம்பளத் துண்டுகளை அடுப்புப் பக்கம் போடாதீர்கள், அவைதான் சாட்சி.

நான் வளர்ந்த நெளுக்குளத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் ஒன்று. அந்த வீட்டுத் தங்கச்சி ஒரு கார்மென்டில் வேலை. கம்பனி கொடுத்த காப்புறுதிக் காட் இருக்கிறது. பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்து காசு கேட்டபோது, "இது முன்னமே இருந்த வருத்தம், தர ஏலாது" என்று டெலிபோனில் சொல்லிவிட்டார்கள். தாய் காதுத் தோட்டை அடகு வைத்தாயிற்று. எழுத்தில் தரும்படி கேள் என்றேன். மூன்று கிழமைக்குப் பிறகு ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அதில் முன்னிருந்த வருத்தம் பற்றி ஒரு வரியும் இல்லை! வைத்தியர் ஒப்பமிட வேண்டிய பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். பக்கம் போனது, காசின் பெரும்பகுதி வந்தது. வாயால் சொல்லும் காரணத்துக்கு யாரும் பொறுப்பில்லை, கடிதத்தில் எழுதினால் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். வித்தியாசம் அங்கேதான்.

தனியார் கம்பனி கடிதத்திலும் மறுத்தால், முதலில் அந்தக் கம்பனிக்கே எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2005இலிருந்து இயங்கும் அலுவலகம், கட்டணம் இல்லை. நம்மவர்களில் அங்கே எழுதியவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

படித்தவர்கள் நிறைந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் அரசின் காப்புறுதிச் சந்தை வழியாகத் திட்டம் எடுத்தவர்களின் கோரிக்கைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 2023இல் மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூட மேன்முறையீடு போகவில்லை. போனவற்றில் நூற்றுக்கு 44இல் கம்பனி தன் முடிவை மாற்றியது. ஆட்கள் கேட்கமாட்டார்கள் என்பதுதான் கம்பனிகளின் பாதி வருமானமோ என்று எனக்குச் சந்தேகம்.

நம் சங்கத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. சம்பளம், லயம், வேலைநிறுத்தம் என்றால் மாவட்டக் காரியாலயத்தில் பைல் திறக்கிறோம். வைத்தியக் கோரிக்கை என்றால் "அது உங்கள் சொந்த விசயம்" என்று அனுப்பிவிடுகிறோம். அது தொழிற்பிணக்கு. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். ஓ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருகிறேன். அதற்கு முன், கடந்த இரண்டு வருடத்தில் மறுக்கப்பட்டவர்கள் அடையாள அட்டைப் பிரதி, ஈ.டி.எப். இலக்கம், ஆஸ்பத்திரித் துண்டுகளோடு உங்கள் தோட்டத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். கடிதம் கையில் இல்லாதவர்களும் கொடுக்கலாம், முதல் கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.