இடிபாடு குப்பையல்ல, சரக்கு!



நம் கடைவீதிகளில் பழைய கடையை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை ஆண்டு முழுவதும் நடக்கிறது. இடித்த செங்கல்லும் காரையும் எங்கே போகின்றன? இரவோடு இரவாக வாய்க்கால் கரையிலும் ஆற்றோரத்திலும் கொட்டப்படுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லைச் சந்திப்புக் கடைகளில் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. தண்ணீர் போகும் வழியை அடைத்தால், அது நம் கடைக்குள்தான் வரும்.

மறுபுறம், புதுக் கட்டடத்துக்கு மணலும் ஜல்லியும் வேண்டும். திரு. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2010-ல் தடை விதித்தது. ஆற்றை விட்டு மலையைக் குடைகிறோம். அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் 2022 மே மாதம் பாறை சரிந்து நால்வர் உயிரிழந்தனர்.

உடைந்த செங்கல்லைப் பயன்படுத்துவது நமக்குப் புதிதா? அந்தக் காலத்தில் மட்டப்பா போட்ட கொத்தனார்கள் செங்கல் சல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, பலசரக்குக் கடையில் வாங்கிய கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டுத்தானே அடித்தார்கள்!

"பழைய கல்லில் உறுதி இருக்குமா?" என்று கேட்பது நியாயமே. அதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2016-ல் அளவு வகுத்தது. பழைய கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்-25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் சேர்க்கலாம். தரைக்கு அடியில் போடும் மெலிந்த கலவையில் முழுவதுமே அதைப் போடலாம். தில்லி புராரியில் 2009-ல் தொடங்கிய ஆலை, இடிபாட்டிலிருந்து நடைபாதைக் கற்கள் செய்து காட்டியது.

ஆனால் துவரையில் கல் கலந்தால் விலை போகுமா? இதுவும் அப்படித்தான். கலந்து கிடந்தால் குப்பை. பிரித்து வைத்தால் சரக்கு. இரும்பையும் மரத்தையும் பிரித்துக் காசாக்கத் தெரிந்த நாம், செங்கல்லையும் கான்கிரீட்டையும் மட்டும் ஏன் வாய்க்காலுக்கு அனுப்ப வேண்டும்?

இடிபாடுகளைச் சேகரிக்க இடம் ஒதுக்குவது உள்ளாட்சியின் கடமை என்று 2016-லேயே மத்திய அரசு விதி செய்தது. மாநகராட்சியின் நான்கு மண்டலங்களிலும் ஆளுக்கொரு இடம் கேட்டு நம் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி வாடகையை நாம் ஏற்போம். கொத்தனாரிடம் கூலி பேசும்போதே, பிரித்து இடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவோம். வெள்ளத்தில் நனையும் ஒரு மூட்டை சர்க்கரையின் நட்டத்தை நினைத்தால், இது பெரிய செலவல்ல.