வாசனையா, எலியா?

நம் அறிவியல் மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் தலைப்பு ஒன்று உண்டு. செராய் எண்ணெயை வடிதாளில் சில சொட்டு விட்டு, அதன்மேல் விதைகளைப் பரப்பி, தட்டை மூடி வைத்துச் சில நாள் கழித்து முளைத்தவற்றை எண்ணுவது. பெரும்பாலும் முளைத்திருக்காது. உடனே, 'இத்தாவரம் தன் அருகில் களையை வளரவிடாது. இதுவே இயற்கைக் களைக்கொல்லி' என்று முடிவுரை எழுந்துவிடும். நானும் அப்படி எழுதியவன்தான். (நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.)

இன்று அப்படி எழுதமாட்டேன். கலிபோர்னியாவில் சால்வியா என்னும் வாசனைப் புதர்களைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்குப் புல்லே இல்லாத வெற்றுத் தரை வளையமாகத் தெரியும். இலைகளிலிருந்து ஆவியாகும் கற்பூரமும் சினியோலுமே காரணம் என்று கார்னீலியஸ் முல்லர் குழுவினர் 1964இல் எழுதினர். ஆய்வுக்கூடத்தில் அந்த ஆவி பட்ட நாற்றுகளின் வேர் உண்மையிலேயே குன்றியது. கதை பாடநூல்களிலும் ஏறியது. 1970இல் பார்த்தலோமியூ என்பவர் அத்தகைய வெற்றுத் தரையில் கம்பிவலைக் கூண்டுகளை வைத்தார். எலியும் முயலும் நுழைய முடியாத அந்தக் கூண்டுக்குள் புல் வளர்ந்துவிட்டது! புதரும் அங்கேதான், வாசனையும் அங்கேதான். புதருக்குள் பதுங்கி வாழும் பிராணிகள் தூரம் போக அஞ்சி, பக்கத்தில் இருந்ததை மேய்ந்து தீர்த்திருக்கின்றன.

எண்ணெய்க்கு வீரியமே இல்லை என்பதல்ல என் வாதம். சினியோலின் அமைப்பை ஒட்டி உருவான சின்மெத்திலின் களைக்கொல்லியாகவே விற்பனையாகிறது. ஆனால், மூடிய தட்டில் ஆவிக்குப் போக்கிடமில்லை. வெளியிலோ காற்று அள்ளிச் செல்லும், மண் உறிஞ்சும், நுண்ணுயிர் சிதைக்கும். எனவே, தட்டோடு ஒரு தொட்டி மண்ணையும் சேர்த்துச் சோதிக்கும்படி மேற்பார்வையாளர்கள் வற்புறுத்த வேண்டும். ஒரு பருவத்தில் நேரம் போதாது என்பார்கள். போதாவிட்டால், 'மூடிய தட்டில்' என்ற இரு சொற்களை முடிவுரையில் சேர்க்கட்டும். அதற்கு நேரம் தேவையில்லை.

கேமரன் மலையில் காய்கறி பயிரிடும் என் மாமா, ஆய்வேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, "ஏக்கருக்கு எத்தனை போத்தல் வேணும், தம்பி?" என்று கேட்டார். பட்டம் பெற்ற கையோடு நின்ற எனக்குப் பதில் தெரியவில்லை.