தாயானால் தொழில் துறக்க வேண்டுமா?

1931ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஈராண்டு கழித்து, 1933ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று சட்டத்தொழிலின் கதவையும் அவளுக்குத் திறந்துவிட்டது. பெண்ணாய்ப் பிறந்த காரணத்தால் எவரும் அப்புக்காத்தாகவோ பிறக்கிராசியாகவோ தொழில் நடத்துவதினின்று விலக்கப்படலாகாது என்று அச்சட்டம் விதித்தது. தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று சட்டம் பயிலும் வகுப்புகளிலே பெண்கள் நிறைந்திருக்கின்றனர். ஆனால் ஜனாதிபதி சட்டத்தரணிகளின் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். அங்கே பெண்கள் எத்தனை பேர்? வகுப்பறையில் இருந்தோர் எங்கே போய் மறைந்தனர்?

அவர்களுக்குத் திறமை இல்லையென்று கூற இன்று எவருக்கும் துணிவில்லை. ஆகவே வேறொரு விடை சொல்லப்படுகின்றது. "குழந்தை பிறந்தது, அவர்களாகவே விலகிக்கொண்டனர்" என்கின்றனர். விலகிக்கொண்டனரா, விலக்கப்பட்டனரா? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

ஒரு சட்டத்தரணியின் நாளை எண்ணிப் பார்ப்போம். காலையில் வழக்குகள் கூப்பிடப்படும் வேளைக்கு மன்றிலே நிற்க வேண்டும். தம் வழக்கு பத்து மணிக்கு வருமோ பன்னிரண்டுக்கு வருமோ எவருக்கும் தெரியாது. காத்திருந்த பின் தவணை போடப்பட்டு வெறுங்கையுடன் திரும்புவதும் உண்டு. மாலையிலோ கட்சிக்காரர் வந்து கூடுவர். இரவிலே மறுநாளைய வழக்கேடுகளைப் படிக்க வேண்டும். இந்த நாளை அமைத்தவர்கள் யார்? வீட்டிலே குழந்தையைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் உறங்க வைக்கவும் வேறொருவர் இருக்கின்றார் என்ற நிச்சயத்துடன் வாழ்ந்த ஆண்கள். அவர்களுடைய வசதியே பிற்காலத்தில் தொழிலின் தருமமாகிவிட்டது!

தாய்மாருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டே எனச் சிலர் கூறலாம். உண்டுதான். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் தொழில் செய்யும் தாய்க்கு ஊதியத்துடன் விடுமுறை வழங்குகின்றன. மூன்றாம் குழந்தைக்கும் அதற்குப் பின் பிறப்பனவற்றுக்கும் விடுமுறையைக் குறைத்திருந்த அநீதியும் 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களால் நீங்கிற்று. ஆனால் இவையாவும் ஊழியருக்கு உரியவை. தனியே தொழில் நடத்தும் சட்டத்தரணி எவருடைய ஊழியரும் அல்லர். மன்றில் தோன்றிய நாளுக்கே அவருக்குக் கூலி. ஆறு மாதம் தோன்றாதிருந்தால் வருமானம் நிற்கும். கட்சிக்காரரும் வேறிடம் போய்விடுவர். ஊரார் உரிமைக்கு வாதாடுபவருக்குத் தமக்கென ஓர் உரிமையில்லை. என்னே விந்தை!

"வழக்குத் தொழில் அரை நேரத் தொழிலன்று, கட்சிக்காரர் அழைத்தபோதெல்லாம் வரவேண்டும்" என்று உரைக்கும் பெரியோரை நாம் ஒன்று கேட்கின்றோம். இந்நாட்டில் அரை நேரச் சட்டத்தரணிகள் என்றுதான் இல்லாதிருந்தனர்? பாராளுமன்ற ஆசனத்தையும் நீதிமன்ற மேடையையும் ஒருங்கே வகித்த ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களை எவராவது அரை நேர வழக்கறிஞர் என்று இகழ்ந்தனரா? சபை கூடிய நாளில் சபைக்கும், கூடாத நாளில் மன்றுக்கும் போன அரசியல்வாதிகள் எத்தனை பேர்! ஒரே காலையில் இரண்டு மன்றுகளில் வழக்கேற்று, ஒன்றுக்குக் கனிஷ்டரை அனுப்பித் தவணை கேட்கும் சிரேஷ்டர்கள் இன்றும் உளர். அரசியலுக்காக நேரத்தைப் பங்கிட்டால் அது பெருமை. பிள்ளைக்காகப் பங்கிட்டால் அது தகுதிக் குறைவா? இந்த இரட்டை நீதியை எந்தச் சட்டநூலிலிருந்து எடுத்தனர்?

நம் சட்டத்தொழில் பல வழக்கங்களை இங்கிலாந்திலிருந்தே பெற்றது. அங்கியைப் பெற்றோம், வணக்கமுறையைப் பெற்றோம். அங்கும் பரிஸ்டர்களிற் பெரும்பாலோர் எவருடைய ஊழியரும் அல்லர். எனினும், குழந்தைப் பராமரிப்புக்காக விலகிநின்றவர் திரும்பிவரும் உரிமையைப் பற்றியும், பகுதி நேரமாகவும் வீட்டிலிருந்தும் பணிசெய்வதைப் பற்றியும் ஒவ்வொரு பரிஸ்டர் மனையும் எழுத்தில் விதிகள் வைத்திருக்க வேண்டுமென்று அத்தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை கட்டளையிட்டிருக்கின்றது. அங்கியை மட்டும் பெற்றுக்கொண்டு இதனை விட்டுவிட்டது ஏனோ?

முடியாது என்ற சொல்லும் இனிச் செல்லாது. கொள்ளைநோய்க் காலத்தில், 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் தொலைத்தொடர்புக் கருவி மூலம் வழக்கு நடத்த இடமளித்தது. நோய்க்கு அஞ்சி மாற்றத் தெரிந்த முறையைத் தாய்க்காக மாற்ற முடியாதா?

நாம் கேட்பவை பெரிய சலுகைகள் அல்ல. தவணை மட்டும் இடப்படும் வழக்குகளுக்கு ஒரு நேரமும், விளக்கத்துக்கு எடுக்கப்படுவனவற்றுக்கு மற்றொரு நேரமும் முன்னரே குறிக்கப்படட்டும். இதனால் தாய்மார் மட்டுமன்றி, கூலிநாளை இழந்து மன்றில் காத்திருக்கும் ஏழைக் கட்சிக்காரரும் பயன்பெறுவர். மகப்பேற்றின்பொருட்டுக் கேட்கும் தவணை நீதிபதியின் தயவாக இராமல் விதியாக அமையட்டும். நீதிமன்றக் கட்டடந்தோறும் பிள்ளைக்குப் பாலூட்ட ஓர் அறை அமையட்டும். சட்டமா அதிபர் திணைக்களத்திலும் சட்ட உதவி ஆணைக்குழுவிலும் அரை நேரப் பதவிகள் ஏற்படட்டும். அவற்றுக்கு வேலைக்கேற்ற சம்பளமும் ஓய்வூதியமும், முக்கியமாகப் பதவி உயர்வும் இருக்க வேண்டும். அரை நேரம் என்ற பெயரால் பெண்களை மூலையிலிருத்தி உறுதி எழுதவும் மனு வரையவும் விடுவது மற்றொரு வஞ்சனையாகும். இவ்வசதிகள் தந்தையருக்கும் உரியனவாகட்டும். அன்றேல் பிள்ளை வளர்ப்பு பெண்ணின் தலையில் மட்டும் எழுதப்பட்ட விதியென நாமே முத்திரை குத்தியவராவோம்.

இது சில படித்த பெண்களின் குறை மட்டும் என்று எண்ணுவோர் வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் உள்ள மன்றுகளின் வாயிலிலே சற்று நிற்பாராக. 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்கீழ்ப் பிள்ளைக்குப் பணம் கேட்டு வருபவள் அங்கே நிற்கின்றாள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை நாடி வருபவளும் நிற்கின்றாள். போரிலே கணவனை இழந்து காணிக்காக அலைபவளும் நிற்கின்றாள். வீட்டுக்குள் நடந்ததைத் தன் மொழியில், தன்னைப்போன்ற ஒருத்தியிடம் சொல்ல அவள் விரும்புகின்றாள். அச்சொல்லைக் கேட்கத் தகுந்தவர், சட்டம் கற்று, சத்தியம் செய்து, சில ஆண்டு பழகிய பின் வீட்டிலே அமர்ந்திருக்கின்றார். அவர் தாயாகியதே அதற்குக் காரணம்!

சட்டத்தரணிகள் சங்கத்தையும் நீதிச்சேவை ஆணைக்குழுவையும் நீதி அமைச்சையும் நாம் கேட்கின்றோம்: 1933இல் திறந்த கதவை இன்னும் எத்தனை காலம் உள்ளிருந்து சாத்தி வைத்திருக்கப் போகின்றீர்கள்? பெண் சட்டத்தரணிகளையும் கேட்கின்றோம். தனித்தனியே தயவு வேண்டி நிற்பதை விடுங்கள். ஒன்றுகூடிச் சங்கத்தின் கூட்டத்திலே பிரேரணை கொண்டுவாருங்கள். அதன்மேல் வாக்கெடுப்பைக் கேளுங்கள். பிறர் வழக்கை எடுத்துரைக்கக் கற்றவர்கள் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கத் தயங்குவானேன்?